சனத்தின்ட கால் எழும்போணும்: டான்ஸ் பொப் பாட்டு ஒண்டை ஹிட் ஆக்கிறது எப்பிடி

போன வைகாசியில திருமலை உப்புவெளிப் பக்கம் ஒரு கலியாண ரிசெப்ஷன். எங்கட பாட்டை அப்ப இன்னும் வெளியில விடேல்ல, டிஜே தம்பிட்ட பென் டிரைவில குடுத்து, சனம் சாப்பிட்டு முடிஞ்சு எழும்புற நேரமாப் பார்த்து ஒருக்கா போட்டு விடு எண்டு சொல்லி வச்சிருந்தன். போட்டான். முதல் கோரஸுக்கு, அதான் பாட்டில திரும்பத் திரும்ப வாற பகுதிக்கு, ஒரு இருபது பேர் இறங்கிச்சினம், இரண்டாவதுக்கு பொம்பிளையின்ட மாமிமாரும் வந்திட்டினம், எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பிறகு நாங்கள் ஆசைப்பட்டுச் செய்து வச்சிருந்த பிரிட்ஜ், கடைசிக் கோரஸுக்கு முன்னால வாற வேற மாதிரித் துண்டு, வந்திச்சு, கிக் எண்ட அடிமேளம் இல்லை, பியானோவும் குரலும் மட்டும், 16 பார் (நாலு அடி ஒரு பார்). சிவப்புச் சீலை கட்டின ஒரு அன்ரி ஆடிக்கொண்டிருந்த கையை மெல்ல இறக்கினா, பக்கத்தில நிண்டவவைப் பார்த்துச் சிரிச்சா, போய்க் கதிரையில இருந்திட்டா. அவவுக்குப் பின்னால இன்னும் ஆறேழு பேர். கடைசிக் கோரஸ் வரேக்க எட்டுப் பேர்தான் நிண்டது.

அடுத்த நாளே அந்த இடத்தை வெட்டினம். 16 பார் 8 ஆச்சு, கிக் இல்லாட்டியும் கைதட்டுச் சத்தம் விடாமல் ஓட விட்டம். இரண்டு கிழமை கழிச்சு வேற ஒரு மண்டபத்தில போட்டுப் பார்த்தம், ஒருத்தரும் இருக்கேல்ல.

டான்ஸ் பொப்புக்கு மார்க் போடுற ஆள் அந்த அன்ரிதான். பாட்டு நல்லா இருக்கெண்டு கூட்டாளிமார் சொல்லுவினம், ஹெட்போனில கேட்டிட்டு ஸ்டூடியோக்காரரும் சொல்லுவினம், அதெல்லாம் சந்தோசம், ஆனா ஆடுற ஒராள் எந்த இடத்தில கையை இறக்கிறா எண்டு பார்த்து அந்த இடத்தைத் திருத்தித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறவைக்குத்தான் ஹிட் கிட்ட வரும். திருமலையில இருந்து பாட்டுச் செய்யிற தம்பி தங்கச்சிமார் கனபேர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறபடியா எனக்குத் தெரிஞ்சதை, நாங்கள் பட்டதோட சேர்த்து, எழுதுறன்.

முதல்ல வேகம். டான்ஸ் பொப் கூடுதலா 118க்கும் 130 பிபிஎம்முக்கும் (நிமிசத்துக்கு எத்தினை அடி எண்ட கணக்கு) இடையில நிக்கும், பாருக்கு நாலு கிக், அதுதான் முதுகெலும்பு. எங்கட பாட்டு 124. ஆனா எங்கட சனத்தின்ட காலில ஊறிக்கிடக்கிறது பைலா, அது ஆறு-எட்டுத் தாளம், போர்த்துக்கீசர் காலத்தில இருந்து இஞ்ச வேர் பிடிச்சது, பள்ளிக்கூட பிக் மெட்ச் கிரிக்கெட்டில பப்பரே பாண்ட் மேளமும் குழலுமா அடிக்கேக்க வாற துள்ளலும் அதுதான். 60கள், 70களில நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போல ஆக்கள் அந்தத் துள்ளலில தமிழைப் பாடித்தான் பொப்பிசை எண்டு ஒண்டை எங்களுக்குத் தந்தவை. அதை விட்டிட்டு வெறும் ஐரோப்பா கிளப் பீட்டைப் போட்டால் இளம் பொடியன்மார் தலையை ஆட்டுவினம், மாமிமார் எழும்பமாட்டினம். அதால கிக் நாலும் நேரா போகட்டும், அதுக்கு மேல ரபான் எண்ட கைமேளமோ தவிலோ டோலக்கோ ஒவ்வொரு அடியையும் மூண்டாப் பிரிச்சு தகிட தகிட தகிட தகிட எண்டு ஓடட்டும். ஹை ஹட் எண்ட சின்னத் தட்டுச் சத்தத்தையும் அந்த மூண்டோட சேர்த்து விடுங்கோ, அதை மட்டும் இரண்டு இரண்டாப் பிரிச்சு விட்டால் ஒண்டோட ஒண்டு இடிபட்டு, ஆடுறவைக்கு எதைப் பிடிக்கிறதெண்டு விளங்காது.

அடுத்தது ஹூக், கேட்டவுடனை மனசில ஒட்டுற வரி, இதில தான் கன நாள் செலவழிக்கோணும், நாங்கள் மூண்டு மாசம் இருந்தம். கோட்டைப் பக்கமும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் மான் திரியிறது ஊருக்கு வந்த ஆருக்கும் தெரியும், பின்னேரத்தில கூட்டமா றோட்டைக் கடக்கும், வாகனம் எல்லாம் நிண்டு பார்த்துக்கொண்டிருக்கும். அப்பிடி ஒரு நாள் ஒரு ஓட்டோக்கார அண்ணை தலையை வெளியில போட்டு "மான் வருது மான் வருது வழி விடுங்கோ" எண்டு கத்தினார். அவ்வளவுதான், அதுதான் எங்கட பாட்டு. ஆனா நாங்கள் அதை எழுத இருந்து, வடிவாக்கிறம் எண்டு நினைச்சு "வழி விடுவீர்" எண்டு மாத்திப் போட்டம். பாடிப் பார்த்த தங்கச்சிக்கு ஒவ்வொருக்காவும் கடைசியில குரல் செத்துப் போச்சு. ஏனெண்டு பார்த்தால், "ர்" எண்டு முடிஞ்சால் சத்தம் அந்த இடத்திலயே அடைபட்டிடும், இழுக்க ஏலாது. "விடுங்கோ" எண்டால் "ஓ" எண்டு வாய் திறந்தபடி நிக்கும், ஒரு மண்டபமே சேர்ந்து எவ்வளவு நேரமும் இழுக்கலாம். அண்ணை கத்தின மாதிரியே திருப்பி வச்சம்.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கோ. "மான்" நெடில், கனமா கிக்கில விழும். "வருது" மூண்டு குறில், அதுவே ஒரு தகிட. மான், தகிட, மான், தகிட. வரி தானாவே பைலாத் துள்ளலில ஓடுது, ஒருத்தரும் தள்ளத் தேவையில்லை. தமிழில டான்ஸ் பாட்டு எழுதுறவை அசை பார்த்து எழுதோணும் எண்டு நான் பிடிவாதமாச் சொல்லுறது இதாலதான், குறில் நெடில் பள்ளிக்கூடத்தோட முடிஞ்ச பாடமில்லை. கிக் விழுற இடத்தில நெடிலையோ வல்லினத்தையோ வையுங்கோ, க, ச, ட, த, ப எல்லாம் வாயால அடிக்கிற மேளம். மூண்டு குறில் வாற இடத்தை தாளத்துக்கு விடுங்கோ. கோரஸ் வரி முடியிற இடத்தில ஆ, ஏ, ஓ. வேர்ஸில, கோரஸுக்கு முன்னால கதை சொல்லுற பகுதியில, என்ன கவிதை வேணுமெண்டாலும் எழுதலாம், கோரஸில நாலு வயசுப் பிள்ளை ஒருக்காக் கேட்டுத் திருப்பிச் சொல்லக்கூடியது மட்டும்.

பாட்டை அடுக்கிறதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு, கட்டாயம் போட்டுப் பாருங்கோ. 124 பிபிஎம்மில ஒரு அடி 0.48 செக்கன், ஒரு பார் 1.94 செக்கன். இன்ட்ரோ 4 பார், வேர்ஸ் 8, கோரஸுக்கு ஏத்திக் கொண்டு போற பிரீ-கோரஸ் 4, மொத்தம் 16 பார், அதாவது கோரஸ் விழ 31 செக்கன் ஆகுது. ஸ்பொட்டிஃபை ஒராள் 30 செக்கன் கேட்டாத்தான் அதை ஒரு ஸ்ட்ரீமாக் கணக்கெடுக்கும், அப்ப உங்கட கோரஸ் வரமுதலே ஆள் அடுத்த பாட்டுக்குப் போயிடலாம். அதால கோரஸ்ட ஒரு துண்டை, குரலை வெட்டியோ, அந்த மெட்டை சின்த் கீபோர்ட்டில வாசிச்சோ, இன்ட்ரோ 4 பாருக்குள்ளயே காட்டுங்கோ, வாசலில நிண்டு சாப்பாட்டு மணம் வாற மாதிரி. மிச்சத்தையும் கூட்டிப் பாருங்கோ: கோரஸ் 16, இரண்டாவது வேர்ஸ் 8, பிரீ 4, கோரஸ் 16, பிரிட்ஜ் 8, கடைசிக் கோரஸ் 16. எல்லாமா 84 பார், 2 நிமிசம் 43 செக்கன். அது காணும். மூண்டு நிமிசத்துக்கு மேல போறதெண்டால் அதுக்குச் சொல்லக்கூடிய காரணம் ஒண்டு இருக்கோணும்.

ஸ்டெப் இல்லாத டான்ஸ் பாட்டு பாதிப் பாட்டு. மக்கரேனாவை எடுங்கோ, லோஸ் டெல் ரியோ எண்ட ஸ்பெயின்காரர் இரண்டு பேரின்ட பாட்டு, 1993ல வந்தது, 103 பிபிஎம் அளவுதான், ஓடித் துள்ளுற வேகமே இல்லை. மியாமியில பேசைட் போய்ஸ் அதை ரீமிக்ஸ் செய்து இங்கிலிஷ் வரி சேர்த்த பிறகு, 1996ல அமெரிக்க பில்போர்ட் ஹொட் 100ல 14 கிழமை முதலாம் இடத்தில நிண்டது. மூண்டு வருசம் கழிச்சு! அந்த ஆட்டத்தைப் பாருங்கோ, முக்கால்வாசி கையாலதான், ஆர் எந்த வயசில எந்த உடம்போட நிண்டாலும் செய்யலாம், சீலை கட்டினாலும் செய்யலாம். சை எண்ட கொரியாக்காரர்ட குதிரை ஸ்டெப் பாட்டு, கங்னம் ஸ்டைல், 2012 டிசம்பரில யூடியூப்பில முதல் முதலா நூறு கோடி வியூ தாண்டினதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பாசை விளங்கினவை எத்தினை பேர்?

எங்கட ஸ்டெப் இரண்டு கையையும் தலைக்கு மேல கொம்பு மாதிரி வச்சு இடது இரண்டு வலது இரண்டு, "விடுங்கோ"வுக்கு இரண்டு கையையும் விரிச்சு வழி விடுறது. முதல்ல டான்ஸ் தெரிஞ்ச ஒரு பொடியன் சுத்தித் திரும்பிக் குந்தி எழும்புற மாதிரி ஒண்டு செய்து தந்தவன், பார்க்க அருமை, ஆனா பார்த்துக்கொண்டு நிப்பினம், சேரமாட்டினம். கண்டதும் செய்ய ஏலுமா எண்டதுதான் கேள்வி. வீட்டில அம்மாட்டச் செய்து காட்டுங்கோ, இரண்டாம் முறை அவ சேர்ந்து செய்தால் சரி.

மிக்ஸ் பற்றி ஸ்டூடியோக்காரரோட கதைக்கேக்க இரண்டு விசயத்தில விட்டுக் குடுக்காதைங்கோ. ஒண்டு, பேஸ், அடியில ஓடுற தடிச்ச சத்தம். கிக்கும் பேஸும் 50, 60 ஹேர்ட்ஸில மட்டும் கிடந்தால் பெரிய சவுண்டில வயிறு அதிரும், போன் ஸ்பீக்கரில ஒண்டுமே இருக்காது, ஏனெண்டால் சின்ன ஸ்பீக்கர் அந்தளவு கீழ்ச் சத்தத்தைப் போடாது. பேஸுக்கு கொஞ்சம் சச்சுரேஷன், சத்தத்தைச் சாடையாக் கரகரப்பாக்கிற வேலை, போட்டு 200 ஹேர்ட்ஸுக்கு மேலயும் சத்தம் வரச் செய்யுங்கோ, கிக் விழேக்க பேஸ் ஒதுங்குற மாதிரி சைட்செயினும் போடுங்கோ. இரண்டாவது, மோனோ, இடமும் வலமும் ஒண்டாக் கலந்து வாற சத்தம். ஊர் மண்டபங்களில கனக்க இடத்தில சவுண்டை மோனோவாத்தான் விடுவினம், நீங்கள் இடமும் வலமுமா அகலமா விரிச்சு வச்ச சின்த் அங்க ஒண்டையொண்டு வெட்டிக் காணாமல் போயிடும். மோனோவில போட்டுக் கேளுங்கோ, ஹூக் நிக்குதோ பாருங்கோ. சத்தத்தைக் கூட்டி நசுக்கிறதில பிரயோசனம் இல்லை, ஸ்பொட்டிஃபை வழமையா மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் எண்ட சத்த அளவுக்குச் சமன் செய்துபோடும், நசுங்கின பாட்டு நசுங்கினபடியே சின்னனாக் கேக்கும்.

நாங்கள் கொழும்பு பஸ் ஒண்டில ஏறி டிரைவர் அண்ணையைக் கேட்டு கந்தளாய் வரைக்கும் மூண்டு தரம் போட்டுப் பார்த்தம். இஞ்சின் சத்தத்துக்குள்ளால குரல் வரேல்ல, கைதட்டு மட்டும் ஊசி மாதிரிக் குத்திச்சு. அண்டைக்கு இரவே குரலைத் தூக்கி கைதட்டைக் குறைச்சம். ஓட்டோவிலயும் கேளுங்கோ, பாண்காரர்ட வண்டி ஸ்பீக்கரில கேக்கக் கிடைச்சால் அதிலயும் கேளுங்கோ.

வெளியில விடமுதல் குறைஞ்சது மூண்டு வித்தியாசமான கூட்டத்துக்குப் போட்டுக் காட்டுங்கோ, ஒரு கலியாணம், ஒரு பேர்த்டே, உப்புவெளி நிலாவெளிப் பக்கம் ஹொட்டல் பார்ட்டி ஒண்டு. பாட்டு உங்கடது எண்டு சொல்ல வேண்டாம், சொன்னால் உங்களுக்காக ஆடுவினம். மூலையில நிண்டு போனில பாட்டின்ட நேரத்தைப் பார்த்து, எத்தினையாவது செக்கனில சனம் கூடுது, எதில குறையுது எண்டு எழுதுங்கோ. முடிஞ்ச பிறகு ஆராவது ஹூக்கை முணுமுணுத்துக்கொண்டு போனால் அதையும் எழுதுங்கோ, எங்களுக்கு அப்பிடி ஒரு சின்னப் பிள்ளை கைகழுவுற இடத்தில பாடினது.

உரிமை விசயத்தைச் சுருக்கமாச் சொல்லுறன், ஆனா தள்ளிப் போடாதைங்கோ. ஒவ்வொரு பாட்டிலயும் இரண்டு சொத்து இருக்கு, வரியும் மெட்டும் ஒண்டு, பதிவு செய்த ஒலி இன்னொண்டு. படப் பாட்டில இருந்து ஒரு துண்டு எடுத்துப் போட்டால் இரண்டுக்கும் அனுமதி வேணும், இல்லாட்டி யூடியூப்பில பாட்டை அடையாளம் காணுற கொன்டென்ட் ஐடி பிடிச்சு வருமானம் அங்க போயிடும். எழுதினது ஆர், மெட்டுப் போட்டது ஆர், பாடினது ஆர், ஆருக்கு எத்தினை வீதம் எண்டு ஒரு தாளில எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கோ, பாட்டு ஓடமுதல், எல்லாரும் சிரிச்சுக்கொண்டிருக்கேக்கயே.

இனி எப்ப விடுறது. எங்கட சனத்துக்கு டான்ஸ் பாட்டு ஓடுற இடம் கலியாண வீடு, அதால பஞ்சாங்கத்தையும் பார்க்கத்தான் வேணும். ஆடியில கலியாணம் இல்லை, மார்கழியில இல்லை. வைகாசி, ஆவணி, தை நல்ல காலம். எங்கட கடற்கரையில சீசனும் சித்திரை வைகாசியில தொடங்கி புரட்டாதி வரைக்கும், ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சால் ஹொட்டல் பார்ட்டி எல்லாம் நிண்டிடும். ஜூலை ஓகஸ்டில கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸில இருந்து ஆக்கள் லீவுக்கு வாறவை, கேட்ட பாட்டைக் கொண்டு போய் அங்க தங்கட வீட்டு ரிசெப்ஷனில கேப்பினம். நாங்கள் ஆடி நடுவில டிஜேமாருக்குக் குடுத்து ஆவணி பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை வெளியில விட்டம். வெள்ளிக்கிழமை ஏனெண்டால் 2015 ஜூலையில இருந்து உலகம் முழுக்க புதுப் பாட்டு வெளியாகிற நாள் அதுதான், புதுப் பாட்டு லிஸ்டுகளும் அண்டைக்குத்தான் மாறும். பாட்டை டிஸ்ட்ரிபியூட்டரிட்ட, அதான் ஸ்பொட்டிஃபை போல இடங்களுக்கு அனுப்புறவையிட்ட, ஒரு மாசம் முன்னமே ஏத்துங்கோ. ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸில வெளியில விட ஏழு நாளுக்கு மேல இருக்கேக்கயே பாட்டைப் பிட்ச் செய்தால், அதான் லிஸ்ட் போடுறவைக்குக் காட்டினால், உங்களை ஃபொலோ செய்யிறவைக்கு ரிலீஸ் ரேடார் எண்ட புதுப் பாட்டு லிஸ்டில அது போகும், பிந்தினால் அதுக்கு உத்தரவாதம் இல்லை. பாட்டின்ட பேரை எல்லா இடத்திலயும் ஒரே எழுத்துக்கூட்டில போடுங்கோ, தேடுறவைக்கு ஒரு இடத்தில கிடைச்சு இன்னொரு இடத்தில கிடைக்காமல் போகக் கூடாது.

டிஜேமாரை மதியுங்கோ. அமெரிக்காவில கிளப் டிஜேமார் தாங்கள் போடுற பாட்டுகளை எழுதிக் குடுத்து, அதை வச்சே பில்போர்ட் ஒரு டான்ஸ் சார்ட் 2020 வரைக்கும் நடத்தினது. எங்கட ஊரில சார்ட் இல்லை, ஆனா வேலை அதே வேலைதான். அவைக்கு வட்ஸ்அப்பில யூடியூப் லிங்க் அனுப்பிறது சரியில்லை. வேவ் ஃபைலோ 320 எம்பி3யோ குடுங்கோ, ஃபைல் பேரிலயே பிபிஎம்மும் சுருதியும் போடுங்கோ. ரேடியோவுக்குப் போற கட்டை வடிவத்தோட, முன்னுக்கும் பின்னுக்கும் 16 பார் வெறும் தாளம் விட்ட நீட்டு மிக்ஸ் ஒண்டும் கட்டாயம் வேணும், அவை அந்த இடத்தில தான் முந்தின பாட்டோட கலப்பினம், அது இல்லாட்டி நல்ல பாட்டெண்டாலும் கை வைக்கமாட்டினம். ஒவ்வொரு வடிவத்துக்கும் பதிவை அடையாளம் காட்டுற ஐஎஸ்ஆர்சி இலக்கம் தனியா எடுங்கோ. போய் நேரில கண்டு ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதைச்சுக் குடுங்கோ, தம்பிமார் ஞாபகம் வச்சிருப்பினம்.

ரேடியோவுக்கு, சக்தி, சூரியன், வசந்தம், தென்றல் எதுவெண்டாலும், சுத்தமான வரியுள்ள கட்டை வடிவமும் பாட்டுக்காரர் பற்றி நாலு வரியும் காணும்.

டிக்டொக், ரீல்ஸுக்கு கோரஸ்ட 15 செக்கனை நீங்களே தெரிஞ்செடுத்து, கிளிப் அங்க இருந்து தொடங்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரிட்டச் சொல்லுங்கோ. முதல் பத்து வீடியோ ஊர் ஆக்களா இருக்கட்டும். எங்களுக்கு நல்லாப் போனது கோட்டடி வாசலில ஒரு அம்மம்மாவும் பேத்தியும் கொம்பு வச்சு ஆடினது, பின்னால உண்மையாவே மான் நிண்டது.

ஒண்டு மட்டும் மனம் நொந்து எழுதுறன். முதல் பாட்டு விட்ட காலத்தில ஒரு புரோமோஷன் காரர் வந்து, காசு கட்டினால் ஒரு லட்சம் ஸ்ட்ரீம் எண்டார், கட்டினம். இலக்கம் ஏறிச்சு, எங்கட ஆள் ஒருத்தரும் இல்லாத நகரங்களில இருந்து இரவிரவா. ஆறு கிழமையில போலி ஸ்ட்ரீம் எண்டு பாட்டையே இறக்கிப் போட்டினம், உண்மையாக் கேட்ட கொஞ்சப் பேரின்ட கணக்கும் அதோட போச்சு. பாடின தங்கச்சி அண்டைக்கு அழுத அழுகையை நான் மறக்கேல்ல. இலக்கத்தை வாங்காதைங்கோ. ஸ்பொட்டிஃபையில 2024ல இருந்து 12 மாசத்தில 1,000 ஸ்ட்ரீம் வந்தாத்தான் பாட்டுக்குக் காசு, அது உண்மையான சனத்தாலயே வரக்கூடிய அளவு, இரண்டு மண்டபத்துச் சனம் வீட்ட போய்க் கேட்டால் காணும்.

விட்ட பிறகு பார்க்க வேண்டியது வியூவை விட வேற மூண்டு: எத்தினை பேர் சேவ் செய்தினம், கேக்கிற பாட்டின்ட பேரைச் சொல்லுற ஷஸாம் ஆப்பில எத்தினை பேர் தேடிச்சினம், எத்தினை பேர் தாங்களாவே வீடியோ செய்தினம். ஷஸாமில தேடுறவை பேர் தெரியாமல் எங்கயோ கேட்டுப் பிடிச்சுப்போய்த் தேடுறவை, அந்த ஊரைப் பார்த்து அந்த ஊர் டிஜேயைப் பிடியுங்கோ. எங்களுக்கு மட்டக்களப்பு அப்பிடித்தான் திறந்தது.

நாலாம் ஐஞ்சாம் கிழமை சரியத் தொடங்கும், பயப்பிடாதைங்கோ, அது ரீமிக்ஸுக்கு நேரம். யொஹானியும் சதீஷனும் பாடின மெனிக்கே மகே ஹித்தே 2020ல வந்த பாட்டைத் திருப்பிப் பாடின கவர், 2021 மே மாசம் போட்டது, சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத இந்தியாச் சனம் அதைத் தூக்கிக் கொண்டாடினது. ஊரிலயும் சிங்களப் பொடியன்மார் எங்களிட்ட வந்து, இதை எங்கட பாசையிலயும் பாடலாமோ எண்டு கேட்டினம். அண்டைக்குத்தான் குரல், கிக், பேஸ், ரபான் எல்லாத்தையும் தனித்தனி ஃபைலா எடுத்து வைக்காத பிழை விளங்கிச்சு, ஸ்டூடியோ கொம்பியூட்டரில பாதி அழிஞ்சு போயிருந்திச்சு, தங்கச்சி முழுசாத் திருப்பிப் பாட வேண்டி வந்திச்சு. மிக்ஸ் முடியிற அண்டைக்கே ஸ்டெம், அதான் அந்தத் தனித்தனி ஃபைல், எல்லாத்தையும் இரண்டு டிரைவில போட்டு, ஒண்டை உங்கட வீட்ட, மற்றதை பாடின ஆளின்ட வீட்ட வையுங்கோ.